சாவி ஓர் அமானிதம்: அருங்காட்சியகக் காப்பாட்சியர் பணி குறித்து ஒரு வரலாற்றுப் பார்வை



சென்ற ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நம்மிடம் ஓதிய மாணவி ஒருத்தியின் தந்தை வந்து அருகில் அமர்ந்தார். மகள் வரலாற்றில் இளங்கலைப் பட்டம் முடிக்கும் தருவாயில் இருக்கிறாள். அடுத்து என்ன படிப்பது என்பதில் வீட்டில் பேச்சு முற்றியிருந்தது.

"ஹஜ்ரத், மியூசியத்துல வேலை பார்க்கிறதுக்குப் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. பழைய சாமானையும் சிலையையும் காவல் காக்கிறதுக்கு ஒரு படிப்பா? நம்ம பிள்ளைக்கு இது ஆகுமா? நீங்க சொன்னா கேட்பா" என்றார்.

அவர் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டார். இது மதிப்புள்ள தொழில்தானா என்பது ஒன்று. ஈமான் கொண்டவருக்கு இது பொருந்துமா என்பது மற்றொன்று. "ஒரு வாரம் பொறுங்கள் பாய், யோசித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பிவைத்தோம். உடனே விடை சொல்ல நம்மிடம் அறிவும் போதவில்லை. அதற்கான துணிவும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் நமக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம். அந்த ஒரு வாரத்தில் நாம் வாசித்தவற்றையும் சிந்தித்தவற்றையும் உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பாட்சியர் என்பவர் யார்?

அருங்காட்சியகத்தின் பொருள்களுக்குப் பொறுப்பேற்பவரைத் தமிழில் காப்பாட்சியர் என்கிறோம். வாயிலில் நிற்கும் காவலரும் நுழைவுச் சீட்டு வழங்குபவரும் வேறு. காப்பாட்சியரின் முதல் வேலை பதிவேடு. ஒரு நாணயமோ, ஓலைச்சுவடியோ, உடைந்த மண்பானையோ உள்ளே வந்தால், அதற்கு ஓர் எண் இட வேண்டும். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், என்ன நிலையில் வந்தது, எந்த அலமாரியில் வைக்கப்பட்டது என்பதை எழுத வேண்டும். எண் இடப்படாத பொருள் களவு போனால், அது அங்கே இருந்தது என்று சாட்சி சொல்வதற்குக்கூட ஆள் இராது.

இரண்டாவது வேலை பாதுகாப்பு. ஈரம், வெயில், கறையான், வெள்ளிப்பூச்சி, மனிதரின் வியர்வைக் கை ஆகிய அனைத்திலிருந்தும் அப்பொருளைக் காக்க வேண்டும். மூன்றாவது ஆய்வு: அது என்ன, எக்காலத்தது, எதற்குப் பயன்பட்டது என்று கண்டறிய வேண்டும். நான்காவதாகவே, நாம் போய்க் காணும் காட்சி வருகிறது. பார்வையாளருக்குத் தெரிவது கண்ணாடிப் பேழை மட்டும்தான். அதன் பின்னால் இருக்கும் வேலையின் பெரும்பகுதி, யாரும் பாராத அறைகளில் நடைபெறுகிறது.

சுருங்கச் சொன்னால், தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை, தான் கண்டிராத தலைமுறைக்காக, கணக்குத் தவறாமல் வைத்திருப்பதே அந்தப் பணி. மார்க்கக் கல்வி கற்ற நமக்கு இதற்கு வேறொரு பெயர் தெரியும்: அமானிதம்.

மக்காவின் சாவி

அமானிதத்தையும் சாவியையும் ஒன்றாக எண்ணும்போது உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களின் நினைவு வராமல் போகாது. கஅபாவின் சாவியைப் பரம்பரையாகக் காத்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். இஸ்லாத்தை ஏற்பதற்கு முன்பே நம்பகமானவராக விளங்கியவர். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் தம் கைக்குழந்தையுடன் தனியாக மதீனாவுக்குப் புறப்பட்டபோது, ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வழி முழுவதும் கண்ணியத்துடன் நடந்து, மதீனாவின் எல்லையில் அவர்களைச் சேர்ப்பித்துவிட்டு, வந்த வழியே திரும்பியவர் அவர்தாம். அப்போது அவர் முஸ்லிமாக இருக்கவில்லை.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றிகொள்ளப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் கஅபாவின் சாவியைப் பெற்று உள்ளே சென்று, அதனைச் சிலைகளிலிருந்து தூய்மைப்படுத்தினார்கள். வெளியே வந்தபோது அந்தச் சாவியைத் தம் குடும்பத்தாருக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. ஆனால் அண்ணலார் (ஸல்) அவர்கள் உஸ்மான் இப்னு தல்ஹாவை அழைத்து, அவரிடமே அதனைத் திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிடும் அன்னிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை விளக்கும் முஃபஸ்ஸிர்கள் பலர் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். அக்குடும்பத்தினரான பனூ ஷைபா வழியினரிடமே கஅபாவின் சாவி இன்றளவும் இருந்துவருகிறது. ஆட்சிகள் மாறின, அரச வம்சங்கள் வந்து மறைந்தன, சாவி மட்டும் அக்குடும்பத்தின் கையிலேயே தங்கிற்று. முற்காலக் கஅபா சாவிகள் சில இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

சாவியை வைத்திருப்பவர் வீட்டின் உரிமையாளர் அல்லர். அவர் அதற்குப் பொறுப்பாளர். மக்காவின் இந்தப் பாடம் நம் காலத்தில் எங்கே நிறைவேறிற்று என்று தேடியபோது, ஆப்கானிஸ்தானின் தலைநகர் நம் கண்முன் வந்தது.

காபூலின் தஹ்வீல்தார்கள்

காபூல் நகரின் தாருல் அமான் பகுதியில் உள்ள கட்டடத்தில் 1931ஆம் ஆண்டு முதல் ஆப்கானிஸ்தானின் தேசிய அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. பட்டுப்பாதை வணிகம் விட்டுச் சென்ற செல்வங்கள் அங்கே சேர்ந்தன. பெக்ராமில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பங்கள், கிரேக்கக் குடியிருப்பான ஆய் கானுமின் எச்சங்கள், ஹத்தாவின் பௌத்தச் சிற்பங்கள், கஸ்னவி காலத்து இஸ்லாமிய உலோகக் கலங்கள், பல்லாயிரம் நாணயங்கள் என்று ஆசியாவின் பல நாகரிகங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

1978ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் வடபகுதியிலுள்ள ஷிபர்கானுக்கு அருகே, தில்யா தெபே என்னும் மேட்டில், விக்தர் சரியானிதி என்னும் அகழாய்வாளர் தலைமையில் ஆறு கல்லறைகள் திறக்கப்பட்டன. தில்யா தெபே என்றால் தங்க மேடு என்று பொருள். பெயருக்கேற்ப, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட, 20,000க்கும் மேற்பட்ட தங்கப் பொருள்கள் அங்கே கிடைத்தன. அவை காபூல் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் வந்து சேர்ந்தன. ஓராண்டு முடிவதற்குள் சோவியத் படைகள் நாட்டிற்குள் நுழைந்தன.

1989ஆம் ஆண்டு அப்படைகள் வெளியேறியபோது, அடுத்து உள்நாட்டுப் போர் மூளும் என்பது அனைவருக்கும் தெரிந்தது. நஜீபுல்லாஹ்வின் அரசும் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களும் ஒரு முடிவெடுத்தனர். மிக அரிய பொருள்களைப் பெட்டிகளில் அடைத்து, முத்திரையிட்டு, அதிபர் மாளிகைக்குள் இருந்த மத்திய வங்கியின் நிலவறைக்கு மாற்றினர். வேறு சில பெட்டிகள் தகவல் பண்பாட்டு அமைச்சகத்திற்குச் சென்றன.

ஆப்கானிஸ்தானில் இத்தகைய பொருள்களுக்குப் பொறுப்பேற்பவரைத் தஹ்வீல்தார் என்பர். நம் ஊர் தாசில்தாரோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வரி வசூலைக் குறிக்கும் தஹ்ஸீல் என்ற சொல்லிலிருந்து வந்தது. தஹ்வீல் என்றால் ஒன்றை ஒருவர் பொறுப்பில் மாற்றி ஒப்படைத்தல். பொருள்களின் பட்டியலில் தஹ்வீல்தார் கையொப்பமிடுவார்; சாவியை அவர் வைத்திருப்பார்; ஒரு பொருள் குறைந்தாலும் அவரே பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பது ஒரு சிலருக்கு மட்டுமே தெரியும். அவர்களுள் ஒருவர் உமரா கான் மஸ்ஊதி. பின்னாளில் அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநரானவர். தங்கம் முழுவதும் மாஸ்கோவுக்குக் கடத்தப்பட்டுவிட்டது என்றனர் சிலர். கொள்ளையர்கள் உருக்கி விற்றுவிட்டனர் என்றனர் வேறு சிலர். விவரம் அறிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. வதந்தியை மறுத்து ஒரு சொல் சொல்லியிருந்தாலே, அது இருக்குமிடம் வெளிப்பட்டிருக்கும்.

அருங்காட்சியகம் இருந்த பகுதியோ போர்முனையாகிவிட்டது. 1993ஆம் ஆண்டு மே மாதம் ஏவுகணை தாக்கி மேல்தளமும் கூரையும் எரிந்தன. காவல் இல்லாத கட்டடத்தில் ஆயுதக் குழுக்கள் புகுந்து கொள்ளையடித்தன. அருங்காட்சியகத் தொகுப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு அந்த ஆண்டுகளில் அழிந்தோ களவுபோயோ விட்டதாக மதிப்பிடப்படுகிறது. அங்குப் பணியாற்றியவர்களுக்கு ஊதியம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஆயினும் எஞ்சியவற்றை அவர்கள் பட்டியலிட்டனர். 1996ஆம் ஆண்டில் அவற்றை நகரின் நடுவேயிருந்த காபூல் விடுதிக்கு மாற்றினர்.

2001ஆம் ஆண்டு தாலிபான் தலைமை சிலைகளை அழிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. யூசுஃப் அல்கர்ளாவி உள்ளிட்ட உலமாக்கள் ஆப்கானிஸ்தான் சென்று எடுத்துரைத்தும் பயனில்லாமல் போயிற்று. பாமியானின் பெரும் புத்தர் சிலைகள் மார்ச் மாதம் தகர்க்கப்பட்டதை உலகம் அறியும். அதே காலத்தில் அருங்காட்சியகத்தின் உள்ளேயும் ஏறத்தாழ 2,500 பொருள்கள் சம்மட்டியால் உடைக்கப்பட்டன. உடைந்த சில்லுகளையும் பணியாளர்கள் குப்பையில் எறியாமல் எடுத்து வைத்தனர். பின்வந்த ஆண்டுகளில் அச்சில்லுகளைக் கொண்டே பல சிற்பங்கள் மீண்டும் ஒட்டிச் சேர்க்கப்பட்டன.

2003ஆம் ஆண்டு, மாளிகையின் நிலவறையில் பெட்டிகள் பத்திரமாக இருப்பதாக அரசு அறிவித்தது. 2004ஆம் ஆண்டு அவை முறைப்படி திறக்கப்பட்டன. ஒரு பெட்டகத்திற்குச் சாவி கிடைக்காமல் அறுத்துத் திறக்க வேண்டியதாயிற்று. உள்ளே இருப்பவை உண்மையானவைதாமா என்ற ஐயம் வந்தபோது, அழைக்கப்பட்டிருந்த சரியானிதி ஒரு சிறிய தங்கப் பொருளை எடுத்துக் காட்டினார். பல்லாண்டுகளுக்கு முன் தம் கையாலேயே கம்பி கொண்டு அதனைப் பழுதுபார்த்த அடையாளம் அதில் இருந்தது. பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டு, 22,000க்கும் மேற்பட்ட பொருள்கள் கணக்கெடுக்கப்பட்டன.

இடைப்பட்ட 15 ஆண்டுகளில் அந்நாட்டில் எத்தனை ஆட்சிகள்! எத்தனை பசி! நிலவறையின் இரகசியத்தை விற்றிருந்தால் அவர்களில் எவரும் செல்வந்தராகியிருக்கலாம். அவ்வாறு எவரும் செய்யவில்லை. 2006ஆம் ஆண்டு பாரிஸிலும், 2008ஆம் ஆண்டு வாஷிங்டனிலும் அப்பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, மக்கள் வரிசையில் நின்று கண்டது தங்கத்தை. நாம் அதில் காண்பது, ஊதியமின்றி வாய்மூடி நின்ற சில முஸ்லிம்களின் அமானிதத்தை.

சிலைகளைக் காப்பது தகுமா?

"அவர்கள் காத்தவற்றுள் சிலைகளும் இருந்தனவே" என்று அந்தத் தந்தை கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஃபத்வா வழங்குவது நம் தகுதிக்கு அப்பாற்பட்டது. அது முஃப்திகளின் பணி. வரலாற்றில் நாம் கண்டதை மட்டும் எடுத்துரைக்கிறோம்.

ஹிஜ்ரத் இரவை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் உயிரைப் பறிக்கக் குறைஷியர் வீட்டைச் சூழ்ந்திருந்தனர். அதே குறைஷியரின் பொருள்கள் அமானிதமாக அவ்வீட்டினுள் இருந்தன. அண்ணலார் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்று, அவற்றையெல்லாம் உரியவர்களிடம் ஒப்படைத்த பின் வருமாறு பணித்தார்கள். பொருளின் சொந்தக்காரர் எந்தக் கொள்கையினர், நமக்கு நண்பரா பகைவரா என்பது அமானிதத்தின் கணக்கில் வரவில்லை.

ஹிஜ்ரி 16ஆம் ஆண்டு ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மதாயின் நகரை வென்று, பாரசீகப் பேரரசரின் அரண்மனை மண்டபத்தில் தொழுதார்கள். அங்கிருந்த உருவங்களை அவர்கள் அகற்றாமல் விட்டுவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார். எகிப்து முஸ்லிம்கள் வசமான பின்னரும் பிரமிடுகள் நின்றன. ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்துக்கு வந்த பக்தாத் அறிஞர் அப்துல் லதீஃப், அந்நாட்டின் பழஞ்சின்னங்களை அளந்தும் ஆராய்ந்தும் எழுதினார். முற்கால ஆட்சியாளர்கள் அவற்றைச் சிதையாமல் காத்ததைப் பாராட்டினார். புதையலாசையால் அவற்றை இடித்துத் துளைத்தவர்களைக் கண்டித்தார். கடந்தகாலச் சமுதாயங்களின் செய்திக்கு அவை சாட்சி என்பது அவர் வாதம்.

வணக்கத்திற்கு வைக்கப்பட்ட சிலைக்கும் படிப்பினைக்கு வைக்கப்பட்ட சின்னத்திற்கும் உள்ள வேறுபாட்டை அந்த முன்னோர் அறிந்திருந்தனர். பூமியில் சுற்றித் திரிந்து முன் சென்றோரின் முடிவைக் காணுமாறு குர்ஆன் திரும்பத் திரும்ப அழைக்கிறது. காண்பதற்கு ஏதேனும் எஞ்சியிருந்தால்தானே காண முடியும்?

நம் கடன்

இனி, முன்பு சொன்ன கடனுக்கு வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளிவாசல் புதுப்பிக்கப்பட்டது. பழைய மாடங்களில் சிதைந்த குர்ஆன் தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அவற்றை வெள்ளைத் துணியில் பொதிந்து, தோணியில் கொண்டுபோய்க் கடலில் இறக்கும் பொறுப்பு நம்மிடம் தரப்பட்டது. அதனை முறைப்படி நிறைவேற்றினோம். அந்தக் கட்டுகளுக்கிடையே கையால் எழுதப்பட்ட குறிப்பேடுகளும் இருந்தன; அரபுத்தமிழ் எழுத்து; பழுப்பேறிய தாள்; ஓரம் கறையான் அரித்திருந்தது. பிரித்துப் பார்க்கப் பொறுமையில்லை. அவற்றையும் சேர்த்தே கட்டிவிட்டோம்.

அப்போது மக்தபில் ஓதிக்கொண்டிருந்த அந்தச் சிறுமி தோணித் துறையில் நின்றிருந்தாள். "ஹஜ்ரத், அதுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை. மார்க்கச் சட்ட நூலா, மருத்துவக் குறிப்பா, ஒரு பெண் மனனம் செய்வதற்காக எழுதிவைத்த பைத்தா, கப்பல் கணக்கா? எண் இல்லை, பட்டியல் இல்லை. இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. காபூலில் சம்மட்டி செய்ததை இங்கே நம் மரியாதை செய்துவிட்டது. நோக்கம் வேறு, இழப்பு ஒன்றே. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

அந்தக் கேள்வியை அவள் மறக்கவில்லை என்பது இப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

இத்துறைக்குச் செல்லும் வழி

ஒரு வாரம் கழித்து அவளுடைய தந்தையிடம் நாம் சொன்னவை இவை.

இந்தியாவில் அருங்காட்சியகவியல் தனிப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. பரோடா பல்கலைக்கழகத்தில் 1952 முதலும், கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1959 முதலும் இத்துறை இயங்குகிறது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும், நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்திலும் இதனைக் கற்கலாம். வரலாறு, தொல்லியல், மானிடவியல் படித்தோர் மட்டுமல்லாமல் தாவரவியல், விலங்கியல், வேதியியல் படித்தோருக்கும் இத்துறையில் இடமுண்டு. 1851இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இவற்றுள் பல துறைகளுக்குத் தனிப் பிரிவுகளே உள்ளன. பொருள்களைப் பழுதுபார்த்துக் காக்கும் கலையை விரும்புவோர் வேதியியலை ஊன்றிப் படிப்பது நல்லது.

நம் பிள்ளைகளிடம் ஒரு கூடுதல் மூலதனமும் இருக்கிறது. அரபு எழுத்தைச் சரளமாக வாசிப்போர் இத்துறையில் அரியர். ராம்பூர் ரஸா நூலகத்தை ஏறத்தாழ அரை நூற்றாண்டு பேணிய மவ்லானா இம்தியாஸ் அலீ அர்ஷீ, அதன் அரபுக் கையெழுத்துப் பிரதிகளுக்குப் பல தொகுதிகளில் பட்டியல் அமைத்தவர். ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் அரபு, பாரசீகப் பிரதிகள் உள்ளன. அரபுத்தமிழையோ, அரபு எழுத்தும் தமிழ் வழக்கும் இரண்டும் அறிந்தவரால்தான் வாசிக்க முடியும். நம் மக்தபில் ஓதிய பிள்ளை, அறியாமலேயே அந்தத் தகுதியில் பாதியைப் பெற்றிருக்கிறாள்.

கசப்பையும் மறைக்கவில்லை. பணியிடங்கள் குறைவு. அரசுப் பணியென்றால் தேர்வுக்கும் அறிவிப்புக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். தனியார் அருங்காட்சியகங்களில் தொடக்க ஊதியம் சிறிது. ஒப்பந்த வேலையே மிகுதி. ஊர்விட்டு ஊர் போய்ப் படிக்கவும் பணியாற்றவும் வேண்டும். ஆகவே, முதலில் கோடை விடுமுறையில் ஏதேனும் ஓர் அருங்காட்சியகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ சில வாரங்கள் உதவியாளராக இருந்து பார்க்கட்டும். தூசி படிந்த பதிவேட்டின் முன் நாள் முழுதும் அமர்ந்திருக்க அவளுக்குப் பிடித்தால், தடுக்க வேண்டாம் என்றோம்.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. நீண்ட நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "வீட்டுப் பரண்ல எங்க வாப்பாவோட தகரப் பெட்டி ஒண்ணு கிடக்கு ஹஜ்ரத். பழைய காகிதம்தான். போன வருசமே கடைக்குப் போட்டிருப்பேன், இவ விடல" என்றார்.

"அதை முதலில் அவளிடம் கொடுங்கள்" என்றோம்.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அந்தப் பிள்ளை நம் வீட்டிற்கு வந்தாள். கையில் கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். முதல் பக்கத்தில் எண் 1: திருமணப் பதிவு ஒன்று, ஓரம் கிழிந்தது. அடுத்து, பர்மாவிலிருந்து வந்த கடிதம். அதற்கடுத்து, அட்டையில்லாத அரபுத்தமிழ் மாலை, 14 தாள்கள். இவ்வாறு 43 எண்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் அளவும் நிலையும் கிடைத்த இடமும் எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கீழே கையொப்பமிட்டிருந்ததைக் காட்டினாள். வாசிக்க முடியாத ஓர் இடத்தை நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சென்றாள். முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தந்தை அனுமதித்துவிட்டதாகப் படியிறங்கும்போது சொன்னாள்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். கடைக்குப் போடும் முன், கடலில் இறக்கும் முன், ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஒரு பட்டியல் எழுதுங்கள். அதையே தொழிலாகக் கொள்ள உங்கள் பிள்ளை விரும்பினால், அது அமானிதத்தைச் சுமக்க முன்வரும் பிள்ளை என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

நம் பொறுப்பில் விடப்பட்டவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.